வேகாத உணவும் ஓடும் உடம்பும்

கம்போங் மேடானுக்கு வழி சொல்வது சுலபம். பழைய கிள்ளான் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் பெட்டாலிங் ஜெயாவின் தெற்கு ஓரம். கம்போங் டத்தோ ஹருன் கொமுட்டர் நிலையம், அடுக்குமாடிகள், அவற்றுக்கு நடுவே பட்டறைகள், சாப்பாட்டுக் கடைகள். 2001 மார்ச்சில் நடந்த மோதலில் ஆறு உயிர்கள் போன பிறகுதான் நாட்டில் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது. அந்தத் துயரத்தை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது, தோட்டத்திலிருந்து இந்த மாதிரி இடங்களுக்கு வந்து சேர்ந்த உடம்புகளின் கதை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றில் தாத்தாவோ பாட்டியோ பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டு இருட்டிலேயே மரத்துக்குப் போவார்கள். அதற்கு அறிவியல் காரணம் உண்டு. இரவில் மரம் நீரை நிரப்பி வைத்திருக்கும். பட்டைக்குள் அழுத்தம் விடியலில்தான் உச்சம். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், பால் ஓட்டம் குறையும். ஆகவே பத்து மணிக்குள் சில நூறு மரங்களுக்கு நடந்து, குனிந்து, நிமிர்ந்து, பிறகு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அந்த உடம்புக்கு ஒரு பெரிய தட்டுச் சோறு போதவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாக மாறியபோது பிள்ளைகள் லாரி ஓட்டவும், பாதுகாவலராக நிற்கவும், தொழிற்சாலையில் உட்காரவும் வந்தார்கள். தட்டின் அளவு மட்டும் அப்படியே வந்தது. கூடவே ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வந்து சேர்ந்தன.

விளைவு எண்களில் தெரிகிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று சொன்னால் பெரிய மிகையில்லை. அதே ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேல் போதிய அளவு காய்கனி சாப்பிடுவதில்லை. நால்வரில் ஒருவருக்குப் போதிய உடலசைவு இல்லை.

இந்த இடத்தில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 52 வயது, லாரி ஓட்டுநர், எடை 82 கிலோ. அரசாங்கக் கிளினிக்கில் ‘இனிப்புநீர்’ என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பயந்துபோன மனிதர் ஒரே நாளில் இரண்டு முடிவு எடுக்கிறார். இனி அடுப்பில் வெந்தது எதுவும் வேண்டாம். பழம், பச்சைக் காய், முளைப்பயறு, தேங்காய் மட்டும். அத்தோடு தினமும் காலையில் தாமான் ஜெயா ஏரியைச் சுற்றி ஓட்டம். இரண்டுமே நல்லது, இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு நல்லது என்பது அவர் கணக்கு. உடம்பு இந்தக் கணக்கை வேறு விதமாகப் போடுகிறது. அதைப் புரிந்துகொள்ள, நெருப்பு உணவை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அரிசி, கிழங்கு இவற்றின் மாவுச்சத்து இறுக்கமான மணிகளாக அடைபட்டிருக்கிறது. ஈரத்தோடு 60, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த மணிகள் நீரை உறிஞ்சி ஊதி உடைகின்றன. உடைந்த பிறகுதான் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள நொதி உள்ளே புக முடியும். உடையாத மணிகளில் ஒரு பகுதி சிறுகுடலைத் தப்பிப் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்கு உணவாகிறது. நமக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். புரதத்துக்கும் இதே கதை. பெல்ஜியத்தில் 1998இல், சிறுகுடலின் கடைசியை வெளியே திறந்துவிட்டிருந்த நோயாளிகளிடம் ஓர் அளவீடு நடந்தது. வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் 51தான். உடற்பயிற்சிக் கூடத்தில் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கும் இளைஞர்கள் பாதியை வீணடிக்கிறார்கள்.

ஹார்வர்டின் ரிச்சர்ட் ராங்கம் இதை மனிதப் பரிணாமத்தின் மையத்தில் வைத்தார். சிம்பன்சி நாளில் ஆறு மணி நேரம் வரை மென்றுகொண்டே இருக்கிறது. மனிதன் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறான். நம் சின்னப் பல்லும் குட்டையான குடலும் பெரிய மூளையும் அடுப்பு தந்த வசதி என்பது அவர் வாதம். நெருப்பைக் கையாளத் தொடங்கிய காலம் பற்றித் தொல்லியலாளர்கள் அவரோடு சண்டை போடுகிறார்கள். ஆனால் ஆற்றல் கணக்கில் அவர் பக்கம் ஆதாரம் வலுவாக இருக்கிறது. அவருடைய குழுவில் ரேச்சல் கார்மோடி 2011இல் வெளியிட்ட சோதனையில் சுண்டெலிகளுக்குச் சக்கரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகவும் வேகவைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். வெந்ததைத் தின்றவை எடையைத் தக்கவைத்ததில் முந்தின. அவை கூடுதலாகத் தின்னவும் இல்லை, குறைவாக ஓடவும் இல்லை. அதே கிழங்கிலிருந்து கூடுதல் ஆற்றல் கிடைத்தது, அவ்வளவுதான்.

கொட்டைகளிலும் இதைப் பார்க்கலாம். ஒரு கைப்பிடி பாதாம், அதாவது 28 கிராம், 170 கலோரி என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். 2012இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மனிதர்களிடம் அளந்தபோது உடம்பில் சேர்ந்தது 129 மட்டுமே. மெல்லும்போது உடையாத உயிரணுச் சுவர்களுக்குள் கொழுப்பு பூட்டிக்கிடந்து அப்படியே வெளியே போய்விடுகிறது. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே தயாரிக்கும் தமிழ்க் குடும்பங்கள் கடலையை ஏன் வறுத்தும் அவித்தும் பொரித்தும் விற்றார்கள் என்று கேட்டால் ருசி என்பார்கள். ருசியே ஒரு அளவுகோல்தான்: எதில் ஆற்றல் சுலபமாகக் கிடைக்குமோ அதை நாக்கு விரும்பும்படி ஆயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நம் லாரி ஓட்டுநரிடம் திரும்பலாம். 82 கிலோ உடம்பும் ஏறிய சர்க்கரையும் உள்ளவருக்கு, தின்றதில் கொஞ்சம் உடம்பில் ஒட்டாமல் போவது வரப்பிரசாதம். வெள்ளரியில் 100 கிராமுக்கு 15 கலோரி, தர்ப்பூசணியில் 30, பப்பாளியில் 40க்குச் சற்று மேல். வயிறு நிறையும், கலோரி ஏறாது. ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி. ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் அவர் செலவழிப்பது ஏறக்குறைய அந்த ஒரு ரொட்டியைத்தான். ஆகவே முதல் இரண்டு மாதம் எடை இறங்கும், சர்க்கரையும் இறங்கும், அவரும் ஊருக்கெல்லாம் சொல்லுவார். பச்சை உணவைப் பற்றிய நல்ல சாட்சியங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களிலிருந்து வருபவை.

நெடுநாள் சாட்சியம் வேண்டுமென்றால் காந்தியைக் கேட்கலாம். 1893 ஆகஸ்டில், பிரிட்டோரியாவில், 23 வயதில் அவர் சமைக்காத உணவில் இறங்கினார். ஊறவைத்த கோதுமை, உலர்திராட்சை, பழம், கொட்டை. நாள்வாரியாகக் குறிப்பும் எழுதினார். லண்டனிலிருந்து வந்த ‘வெஜிடேரியன்’ இதழ் அடுத்த ஆண்டு அதை வெளியிட்டது. இரண்டு வாரம் தாங்கவில்லை. 1929இல் மறுபடியும் முயன்றார், ‘யங் இந்தியா’வில் அது பற்றி எழுதினார், உடல்நலம் கெட்டு மறுபடியும் நிறுத்தினார். 1942இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதத் தொடங்கினார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்று அதில் அவர் தரும் பட்டியலில் தானியம் ஆறு அவுன்ஸ், கீரை மூன்று, மற்றக் காய் ஐந்து என்று போய், பச்சையாக உண்ணும் காய் ஒரே ஓர் அவுன்ஸ் என்று நிற்கிறது. 28 கிராம்! ஐம்பது ஆண்டுச் சோதனைக்குப் பிறகு, நாள்தோறும் மைல் கணக்கில் நடந்த ஒரு மனிதர் வந்து சேர்ந்த இடம் அது.

தமிழ்நாட்டில் இந்த வழியில் நெடுந்தொலைவு போனவர்கள் உண்டு. சிவசைலத்து நல்வாழ்வு ஆசிரமமும், மூ. ஆ. அப்பனின் எழுத்துகளும் தேங்காய்-பழ உணவைத் தமிழ் வாசகரிடம் கொண்டுபோயின. அங்கே தங்கிவிட்டு வந்தவர்கள் எடையும் மலச்சிக்கலும் குறைந்ததாகச் சொல்வதை நம்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. காபி, எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் குறையும். பலன் எதை நிறுத்தியதால் வந்தது, எதைப் பச்சையாகத் தின்றதால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த ஏற்பாட்டில் வழியில்லை.

பிரித்துப் பார்க்கக் கொஞ்சமாவது உதவும் ஆய்வு ஜெர்மனியின் கீசனில் நடந்தது. பச்சை உணவே பெரும்பாலும் உண்ணும் 513 பேரை ஆராய்ந்து கோரின்னா கோப்னிக்கும் சகாக்களும் 1999இல் வெளியிட்டார்கள். இந்த உணவுக்கு மாறியதிலிருந்து ஆண்கள் சராசரியாக 9.9 கிலோவும் பெண்கள் 12 கிலோவும் இழந்திருந்தார்கள். பெண்களில் கால்வாசிப் பேர் இயல்பு எடைக்குக் கீழே. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறியோ அறவே நின்றோ போயிருந்தது. இவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் இல்லை. ஐரோப்பாவின் பணக்கார நாடொன்றில், கடைகளில் எல்லாம் கிடைக்க, வேண்டிய மட்டும் தின்றவர்கள்.

உடற்பயிற்சி இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. ஓடுவதற்குச் செலவான ஆற்றலைக் கழித்த பிறகு, இதயத்துக்கும் எலும்புக்கும் சினைப்பைக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் விளையாட்டு மருத்துவம் கேட்கும் கேள்வி. கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே அந்த மிச்சம் போனால் இளம் பெண்களின் இனப்பெருக்கச் சுரப்பிகளின் தாளம் சில நாட்களிலேயே தடுமாறுவதை ஆன் லௌக்ஸ் 2003இல் காட்டினார். கம்போங் மேடானில் 55 கிலோ எடையுள்ள ஒரு கல்லூரிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். உடலில் கால்பங்கு கொழுப்பு என்றால் மீதி 41 கிலோ. 30ஆல் பெருக்கினால் 1230. அவள் பழமும் காயுமாக 1500 கலோரி தின்கிறாள், 400 கலோரிக்கு ஓடுகிறாள் என்றால் மிச்சம் 1100. கோட்டுக்குக் கீழே போய்விட்டாள். அவளுக்குப் பசியும் தெரியாது, ஏனென்றால் வயிறு நார்ச்சத்தாலும் நீராலும் நிரம்பியிருக்கிறது. உடம்பு ஒரு கடைக்காரன் மாதிரி நடந்துகொள்ளும்: வரவு குறைந்தால் முதலில் மூடுவது அன்றாடத் தேவையில்லாத பிரிவை. மாதவிலக்கு நிற்கும், பிறகு எலும்பு மெலியும். ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப்பெயரே வைத்து, ஆண் விளையாட்டாளர்களுக்கும் வரும் என்று எச்சரித்தது.

புரதக் கணக்கு இன்னும் வேடிக்கை. தவறாமல் பயிற்சி செய்பவருக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 72 கிராம். பச்சை உணவுக்காரர்கள் முளைப்பயறைக் காட்டுவார்கள். சந்தையில் பை பையாக விற்கும் தௌகேயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராமில் புரதம் சுமார் 3 கிராம். 72 கிராம் வேண்டுமென்றால் 2.4 கிலோ தௌகே மெல்ல வேண்டும். வீட்டில் ஒரு நாள் மட்டும் முளைகட்டிய பாசிப்பயறு இதைவிடக் கெட்டி.

இவ்வளவு சொன்ன பிறகு பச்சை உணவே வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனால் அது அநியாயம். மலேசியாவில் பச்சையாக உண்ணும் மரபு பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. மலாய்க்காரர்களின் ஊலாம் தட்டில் ஊலாம் ராஜா, பெகாகா, சிறகவரை, வெள்ளரி, முந்திரித் தளிர் எல்லாம் சம்பல் பெலாச்சானோடு வருகின்றன. பெகாகா வேறொன்றுமில்லை, நம் வல்லாரைதான். கவனிக்க வேண்டியது, ஊலாம் ஒருபோதும் தனிச் சாப்பாடு இல்லை. சோறும் மீனும் நடுவில் இருக்கும், இலைகள் ஓரத்தில். செர்டாங்கின் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் நீரிழிவு உள்ள 101 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், வழக்கமான ஆலோசனையோடு தினம் 15 கிராம் ஊலாம் ராஜாவும் எட்டு வாரம் சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. சிறிய சோதனை, குறுகிய காலம். மருந்து என்று கொண்டாட அது போதாது. தட்டில் வைக்கத் தயக்கம் வேண்டாம் என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

ஓடுபவருக்குப் பச்சை இலையும் பீட்ரூட்டும் வேறொரு வகையில் கைகொடுக்கின்றன. இவற்றில் நைட்ரேட் மிகுதி. அது நீரில் கரையும் என்பதால், அவித்து நீரை வடித்துக் கொட்டினால் ஒரு பகுதி அதோடு போகும். உள்ளே போன நைட்ரேட்டை உமிழ்நீர் மறுபடி வாய்க்குக் கொண்டுவருகிறது. நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் 2009இல் ஆறு நாள் தினமும் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்த இளைஞர்கள் கடும் சைக்கிள் ஓட்டத்தில் 583 வினாடிக்குப் பதில் 675 வினாடி தாக்குப்பிடித்தார்கள். கிருமிநாசினி வாய்க்கழுவியால் கொப்பளித்தால் நைட்ரைட்டே உயர்வதில்லை. நாக்கின் பாக்டீரியா செத்துப்போகின்றன. பீட்ரூட் குடித்துவிட்டு வாயைக் கழுவி மணக்க மணக்க ஓடப் போகிறவர் தன் காசைத் தானே கொட்டுகிறார்.

வைட்டமின் சியும் சூட்டில் அழிவது. ஒரு கொய்யாவோ, பருப்பின் மேல் பிழிந்த எலுமிச்சையோ, அந்தப் பருப்பிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்ச உதவும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இதற்கு நேர்மாறாக, தக்காளியின் லைகோப்பீன் எண்ணெயில் வெந்தால்தான் நன்றாகக் கிடைக்கிறது. ஜெர்மானியப் பச்சை உணவுக்காரர்களின் இரத்தத்தில் அது குறைந்தே இருந்தது. அதே கூட்டத்தில் 130 பேரின் பல்லைப் பார்த்தபோது, பழ அமிலத்தால் எனாமல் அரிக்காதவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை.

பயிற்சி என்ன செய்கிறது என்பதற்குத் தமிழர்களிடமே நல்ல ஆதாரம் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு அளவுக்குத் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2006இல் வந்தது. தினமும் அரைமணி நடை, அளவான உணவு. அவ்வளவுதான் சொன்னார்கள், ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களிடம் அதையே தொடரச் சொன்னார்கள். நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபோர்மின் மாத்திரையும் கிட்டத்தட்ட அதே அளவு குறைத்தது. இரண்டையும் சேர்த்தால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. எடை பெரிதாக இறங்காமலே இது நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலே இரத்தச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பால்மரம் வெட்டிய தாத்தாவின் உடம்பில் காலை முழுக்க நடந்துகொண்டிருந்தது இதுதான். பேரனுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுக்குமாடியைச் சுற்றி இருபது நிமிடம் நடந்தாலும் அதில் ஒரு பங்கு கிடைக்கும். ஏரிக்கரை ஓட்டம் அதற்குக் கட்டாயமில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றையும் மறந்துவிடக் கூடாது. விடியற்காலையில் வெப்பம் 24, 25 டிகிரிதான். ஆனால் ஈரப்பதம் தொண்ணூறுக்கு மேல் நிற்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது சொட்டிக் கீழே விழுகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் சோடியம் போகும். பழத்திலும் பச்சைக் காயிலும் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறது, சோடியம் கிட்டத்தட்ட இல்லை. உப்பு போட்ட ரசமும் மோரும் ஊறுகாயும் கழிந்துபோன உணவில், தினமும் வியர்த்துக் கொட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பவருக்குத் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வரலாம். மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து குழப்பமும் வலிப்பும்கூட. அவர் அதை ‘உடம்பு கழிவை வெளியேற்றுகிறது’ என்று புரிந்துகொள்வார். அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.

சமையல் இன்னொரு வேலையும் செய்கிறது: நஞ்சை முறிப்பது. ஜப்பான்காரன் காலத்தில் பர்மா அரிசி வராமல் போனபோது மலாயாவில் உயிர் காத்தது மரவள்ளிக்கிழங்கு. தோலுரித்து, ஊறவைத்து, அவித்து, நீரைக் கொட்டித் தின்றார்கள். அந்தக் கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் அதிலுள்ள லினமரின் உடைந்து சயனைடு வரும். ராஜ்மாவை ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவைக்காமல் தின்றால், அதன் லெக்டின் சில மணி நேரத்தில் வாந்தியைக் கிளப்பும். ஜெரிங் கொட்டையைப் பச்சையாகத் தின்று சிறுநீர் அடைத்துக்கொண்டவர்கள் மலேசிய மருத்துவ ஏடுகளில் இருக்கிறார்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படிகிறது. முளைப்பயறுக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. விதை முளைக்கத் தேவையான சூடும் ஈரமும் பாக்டீரியாவுக்கும் வசதி. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலையால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நம் வெப்பத்தில் முளையைக் கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுப்பதை யாரும் கோழைத்தனம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள். லாரி ஓட்டுநர் மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்வது அரிது. அதே மாத்திரை ஆண்டுக்கணக்கில் போனால் வைட்டமின் பி12ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். பி12 செடிகளில் இல்லை. கீசனில் பச்சை உணவுக்காரர் 201 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது 38 விழுக்காட்டினருக்கு அது பற்றாக்குறை. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் பாதம் மரத்துப்போகும். அதை இனிப்புநீரின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். பி12 மாத்திரை மலிவு, கேட்டு வாங்கலாம். அவர் மாத்திரைப் பட்டியலில் கிளிக்லாசைட் இருந்தாலோ இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாலோ விஷயம் அவசரமானது. முந்தைய இரவு பப்பாளி மட்டும் தின்று, விடியலில் மாத்திரையை விழுங்கி, வெறும் வயிற்றோடு ஓடினால் சர்க்கரை சரிந்து கை நடுங்கும், பார்வை மங்கும். அதே ஆள் எட்டு மணிக்கு லாரியில் ஏறி நெடுஞ்சாலையில் போகிறவர். உணவையும் ஓட்டத்தையும் மாற்றுவதற்கு முந்தின வாரமே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிப்புநீர் நீண்ட காலம் இருந்தவருக்குச் சிறுநீரகமும் பழுதாகியிருக்கக்கூடும். இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று தெரியாமல் பழமும் இளநீரும் பச்சைச் சாறுமாக இறங்கினால் வெளியேற முடியாத பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். பாசார் மாலாமில் பெலிம்பிங் சாறு ஒரு குவளை பார்க்க எவ்வளவு குளிர்ச்சி! அந்த நட்சத்திரப் பழத்தில் காரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சு இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் அதை வடித்துத் தள்ளிவிடும். பழுதான சிறுநீரகம் உள்ளவருக்கு ஒரே பழம் போதும். முதலில் வருவது பெரும்பாலும் நிற்காத விக்கல். பிறகு வாந்தி, குழப்பம், வலிப்பு. விக்கலிலேயே அடையாளம் கண்டு டயாலிசிஸுக்குக் கொண்டுபோனவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.